தளபதி கிராண்டின் தொண்டைப் புண்

அமெரிக்காவின் 50 டாலர் நோட்டில் தாடி வைத்த ஒருவருடைய படம் இருக்கிறது. அவர் பெயர் யுலிசஸ் கிராண்ட். அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்கு மாநிலங்களின் படைகளுக்குத் தலைமை தாங்கி வெற்றி தேடித் தந்தவர். 1869 முதல் 1877 வரை இரண்டு தடவை ஜனாதிபதியாக இருந்தவர்.

பீரங்கிக் குண்டுகளுக்கு நடுவே நின்றும் உயிர் தப்பிய அவரை வீழ்த்தியது, தொண்டையில் உண்டான ஒரு புண். முதல் வலி எப்போது வந்தது, டாக்டர் எப்போது பார்த்தார், நோய் எதுவரை பரவியிருந்தது என்பதெல்லாம் தேதிவாரியாகப் பதிவாகியிருக்கின்றன. ஆகவே கிராண்டின் கடைசி ஆண்டைப் படிப்பவர்கள், புற்றுநோய் மனித உடலில் எந்த வழியாகப் பயணம் செய்கிறது என்பதையும் சேர்த்தே தெரிந்துகொள்ளலாம்.

தோல் தொழிலாளி வீட்டுப் பிள்ளை

கிராண்ட் 1822-ம் ஆண்டு ஏப்ரல் 27-ந்தேதி ஓஹையோ மாநிலத்தில் பாயிண்ட் பிளசண்ட் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை ஜெஸ்ஸி தோல் பதனிடும் தொழில் செய்துவந்தார். பச்சைத் தோலின் நாற்றமும் ரத்தமும் மகனுக்குப் பிடிக்கவில்லை. குதிரைகள் மீதுதான் அவருக்கு ஆசை. தந்தை அவரை வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் சேர்த்தார். 1843-ல் படிப்பை முடித்து, மெக்சிகோ போரில் பங்கு கொண்டார். 1848-ல் ஜூலியா டெண்ட் என்ற பெண்ணை மணந்தார்.

1854-ல் ராணுவ வேலையை விட்டார். அதன் பிறகு ஏழு ஆண்டுகள் கஷ்ட ஜீவனம்தான். விவசாயம் செய்தார், நஷ்டம். செயிண்ட் லூயிஸ் நகரத் தெருக்களில் விறகு விற்றார். 1857-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் சமயத்தில் தங்கக் கடிகாரத்தை 22 டாலருக்கு அடகு வைத்தார். கடைசியில் கலீனா என்ற ஊரில் தந்தையின் தோல் சாமான் கடையில் குமாஸ்தாவாக உட்கார்ந்தார். அப்போது அவருக்கு வயது 38.

1861-ல் உள்நாட்டுப் போர் மூண்டது. பயிற்சி பெற்ற அதிகாரிகள் தேவைப்பட்டார்கள். கடைக் குமாஸ்தா மீண்டும் ராணுவ உடை அணிந்தார்.

சுருட்டு வந்த கதை

1862 பிப்ரவரியில் கம்பர்லேண்டு நதிக்கரையில் இருந்த டானல்சன் கோட்டையைக் கிராண்ட் பிடித்தார். வடக்கத்தியாருக்குக் கிடைத்த முதல் பெரிய வெற்றி அது. ஒரே நாளில் நாடு முழுவதும் அவர் பெயர் தெரிந்தது.

அதுவரை அவர் அதிகமாகச் சுருட்டுப் பிடிப்பவர் அல்ல. போர் நடந்த அன்று கடற்படைத் தளபதி ஒருவர் கொடுத்த சுருட்டைக் கையில் வைத்துக்கொண்டே போர்க்களத்தைச் சுற்றிவந்தார். இதைப் பத்திரிகைகள் எழுதிவிட்டன. தளபதிக்குச் சுருட்டு பிடிக்கும் என்று நினைத்த மக்கள் பெட்டி பெட்டியாக அனுப்பினார்கள். பத்தாயிரம் சுருட்டுகள் வந்து குவிந்தன. நண்பர்களுக்குக் கொடுத்தது போக மீதியைத் தானே பிடிக்க ஆரம்பித்தார். பழக்கம் ஒட்டிக்கொண்டது. அடுத்த 22 ஆண்டுகளுக்குச் சுருட்டு இல்லாத கிராண்டைப் பார்ப்பது அரிதாயிற்று. நாட்டு மக்கள் அன்போடு கொடுத்த பரிசுதான் அவருக்கு விஷமாக முடிந்தது.

1863 ஜூலை 4-ந்தேதி மிசிசிப்பி நதிக்கரையில் விக்ஸ்பர்க் கோட்டை அவரிடம் சரணடைந்தது. 1865 ஏப்ரல் 9-ந்தேதி அப்பமாட்டக்ஸ் என்ற இடத்தில் தெற்கத்திய தளபதி ராபர்ட் லீ சரணடைந்தார். தோற்ற வீரர்களைக் கிராண்ட் சிறைப்பிடிக்கவில்லை. உழவுக்கு வேண்டுமே என்று, சொந்தக் குதிரை வைத்திருந்தவர்கள் அதை ஓட்டிச் செல்ல அனுமதித்து வீட்டுக்கு அனுப்பினார்.

ஜனாதிபதியாக இருந்தபோது, கறுப்பின ஆண்களுக்கு வாக்குரிமை அளித்த அரசியல் சட்டத் திருத்தம் 1870-ல் நிறைவேறியது. அவர்களைக் கொடுமைப்படுத்திய கூ கிளக்ஸ் கிளான் கூட்டத்தை அடக்கினார். ஆனால் அவர் நம்பிய அதிகாரிகள் பலர் ஊழல் செய்தார்கள். மனிதர்களை எளிதில் நம்பிவிடுவது கிராண்டின் குணம். அதுவே பின்னால் அவரைத் தெருவில் நிறுத்தியது.

பதவிக்காலம் முடிந்ததும் மனைவியோடு உலகப் பயணம் புறப்பட்டார். 1879 பிப்ரவரியில் பம்பாய்த் துறைமுகத்தில் வந்து இறங்கினார். ஆக்ரா, டெல்லி, காசி ஆகிய ஊர்களைப் பார்த்துவிட்டுக் கல்கத்தா போய்ச் சேர்ந்தார்.

கையில் இருந்தது 80 டாலர்

நியூயார்க்கில் குடியேறிய கிராண்ட், தம் மகனும் பெர்டினாண்ட் வார்ட் என்ற வாலிபரும் நடத்திய நிதி நிறுவனத்தில் பங்குதாரராகச் சேர்ந்தார். வார்ட் பெரிய மோசடிக்காரர். புதிதாகப் பணம் போடுகிறவர்களின் பணத்தை எடுத்துப் பழைய ஆட்களுக்கு லாபம் என்று கொடுத்து வந்தார்.

1884 மே மாதத் தொடக்கத்தில் வார்ட் அவசரமாக ஒன்றரை லட்சம் டாலர் வேண்டும் என்றார். கிராண்ட் நேரில் போய் ரயில்வே முதலாளி வில்லியம் வாண்டர்பில்ட்டிடம் கடன் வாங்கி வந்து கொடுத்தார். இரண்டே நாளில், மே 6-ந்தேதி, நிறுவனம் திவாலாயிற்று. கிராண்டிடம் அப்போது மிச்சம் இருந்தது 80 டாலர். கடனுக்கு ஈடாகத் தம் போர் வாள்களையும் பதக்கங்களையும் வாண்டர்பில்ட்டிடம் ஒப்படைத்தார்.

பிழைக்க வழி தேடியபோது, செஞ்சுரி என்ற மாதப் பத்திரிகை போர் அனுபவங்களை எழுதக் கேட்டது. ஒரு கட்டுரைக்கு 500 டாலர். பேனாவைப் பிடித்து எழுத உட்கார்ந்தார்.

பீச் பழமும் நான்கு மாதமும்

1884 ஜூன் மாதம். நியூஜெர்சி கடற்கரையில் லாங் பிராஞ்ச் என்ற ஊரில் இருந்த வீட்டில் கிராண்ட் ஒரு பீச் பழத்தைக் கடித்து விழுங்கினார். தொண்டையில் சுரீரென்று வலி. பழத்தோடு குளவியை விழுங்கிவிட்டோமோ என்று பயந்தார். தண்ணீர் குடித்துப் பார்த்தார். தண்ணீரே நெருப்பாக எரிந்தது.

பக்கத்து வீட்டுக்கு வந்திருந்த பிலடெல்பியா டாக்டர் ஜேக்கப் டா கோஸ்டா வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். ஏதோ ஒரு மருந்து எழுதிக் கொடுத்து, தாமதம் செய்யாமல் குடும்ப டாக்டரிடம் காட்டும்படி சொன்னார். குடும்ப டாக்டரான போர்டைஸ் பார்க்கர் அப்போது ஐரோப்பாவில் இருந்தார். அவர் திரும்பி வரட்டும் என்று கிராண்ட் இருந்துவிட்டார். வலி வந்தது, போயிற்று, மறுபடி வந்தது. கட்டுரை எழுதும் வேலை தலைக்கு மேல் இருந்தது. மனைவி வற்புறுத்தியும் அவர் அசைந்து கொடுக்கவில்லை.

அக்டோபரில் பார்க்கர் ஊர் திரும்பினார். தொண்டையைப் பார்த்ததும் நிபுணர் ஜான் ஹான்காக் டக்ளசிடம் அனுப்பினார். அக்டோபர் 22-ந்தேதி டக்ளஸ் பார்த்தபோது, நாக்கின் அடிப்பகுதியில் வலது பக்கம் வீக்கமும் அழற்சியும் இருந்தன. அண்ணத்தில் சிறு முளைகள் தெரிந்தன. வலது பக்கம் ஒரு சுரப்பி நெறி கட்டியிருந்தது.

புற்றுநோயா என்று கிராண்ட் நேராகவே கேட்டார். டக்ளஸ் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. நோய் கடுமையானது, சில சமயம் குணமாகக் கூடியது என்று மட்டும் பதில் சொன்னார். போர்க்களத்தில் ஆயிரம் அறிக்கைகளைப் படித்தவருக்கு அந்தப் பதிலின் பொருள் புரிந்துவிட்டது.

பழத்தைக் கடித்த நாளிலிருந்து டக்ளசின் அறைக்குள் நுழைந்த நாள் வரை நாலரை மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது.

உடலுக்குள் நடந்தது என்ன?

புற்றுநோய் ஓர் உயிரணுவில்தான் தொடங்குகிறது. வாயையும் தொண்டையையும் மூடியிருக்கும் மெல்லிய தோலில் உள்ள உயிரணு ஒன்று, புகையிலை போன்றவற்றால் பல ஆண்டுகளாகச் சேதப்பட்டு, கட்டுப்பாட்டை இழக்கிறது. வளர வேண்டாத நேரத்தில் வளர்கிறது. சாக வேண்டிய நேரத்தில் சாகாமல் பெருகுகிறது.

மேல்தோலுக்கு அடியில் ஒரு மெல்லிய தடுப்பு உண்டு. அந்தத் தடுப்புக்கு மேலேயே இருக்கும்வரை நோய் வேறு இடத்துக்குப் போக முடியாது. தடுப்பை அரித்துக் கீழே இறங்கிய பிறகுதான் ஆபத்து. கீழே சதை இருக்கிறது. ரத்தக் குழாய்களும் இருக்கின்றன. நிணநீர் ஓடும் நுண்ணிய குழாய்களும் இருக்கின்றன.

நிணநீர்க் குழாய்களை ரயில் பாதைக்கு ஒப்பிடலாம். உடலின் ஒவ்வொரு பகுதியிலிருந்தும் புறப்படும் பாதை, வழியில் உள்ள சுரப்பிகளில் நின்று நின்று போகிறது. வாய்க்கும் தொண்டைக்கும் அடுத்த ஜங்ஷன் கழுத்துச் சுரப்பிகள். பல்லில் சீழ் பிடித்தால் தாடைக்குக் கீழே நெறி கட்டுவது இதனால்தான். அந்த நெறி வலிக்கும். பல் குணமானதும் அமுங்கிவிடும். புற்றுநோய் அணுக்கள் வந்து தங்குவதால் உண்டாகும் நெறி பெரும்பாலும் வலிக்காது. கெட்டியாக இருக்கும். அமுங்காமல் நாளாக நாளாகப் பெருக்கும். வலி இல்லையே என்று பலர் அலட்சியமாக இருந்துவிடுவார்கள்.

கழுத்தைத் தாண்டினால் நோய் ரத்தத்தில் கலந்து தூர இடங்களுக்குப் போகும். தொண்டைப் புற்றுநோய் அப்படிப் போய் இறங்கும் இடங்களில் நுரையீரல் முக்கியமானது. எலும்பிலும் ஈரலிலும் கூட இறங்கும். நுரையீரலுக்குப் போனாலும் அது நுரையீரல் புற்றுநோய் ஆகிவிடாது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் தொண்டை அணுக்களாகவே தெரியும். அதற்குரிய சிகிச்சையும் தொண்டைப் புற்றுநோய்க்கு உரியதே.

பயணம் புறப்படும் அணுக்களில் பெரும்பாலானவை வழியிலேயே மடிந்துபோகின்றன. மண் ஒத்துக்கொண்ட இடத்தில்தான் விதை முளைக்கும். இந்த உண்மையை லண்டன் டாக்டர் ஸ்டீபன் பேஜட் 1889-ல் எடுத்துச் சொன்னார். மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் பதிவுகளை ஆராய்ந்து, நோய் கண்ட இடத்தில் எல்லாம் விழுவதில்லை, சில உறுப்புகளைத் தேடிப் போகிறது என்று காட்டினார். கிராண்ட் இறந்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு வந்த கண்டுபிடிப்பு இது.

டாக்டர்கள் கூடிப் பேசினார்கள்

நவம்பரில் கிராண்ட் சுருட்டை விட்டார். தினமும் டக்ளசிடம் போய் மருந்து தடவிக்கொண்டார். வாடகை வண்டிக்குப் பணம் இல்லாததால் பொதுமக்களோடு டிராம் வண்டியில் போய் வந்தார். புண்ணின் வலிக்குக் கொக்கேன் கரைசல் தடவப்பட்டது. அந்த மருந்தின் மரத்துப்போகச் செய்யும் குணம் அந்த ஆண்டுதான் மருத்துவ உலகுக்குத் தெரிய வந்திருந்தது.

1885 பிப்ரவரியில் புண்ணிலிருந்து ஒரு சதைத் துணுக்கை எடுத்து, டாக்டர் ஜார்ஜ் எலியட் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். டாக்டர் ஜார்ஜ் ஷ்ராடியும் பார்த்தார். சந்தேகத்துக்கு இடமே இல்லை, புற்றுநோய்தான்.

ஆபரேஷன் செய்யலாமா என்று யோசித்தார்கள். செய்வதானால் தாடையைப் பிளக்க வேண்டும். நாக்கில் பெரும்பகுதியையும் அண்ணத்தையும் எடுக்க வேண்டும். கழுத்துச் சுரப்பிகளையும் எடுக்க வேண்டும். அவ்வளவையும் தாங்கும் நிலையில் நோயாளி இல்லை. எக்ஸ்-ரே கண்டுபிடிக்கப்பட்டது 1895-ல், ரேடியம் 1898-ல். கத்தியை விட்டால் அன்று வேறு சிகிச்சையே கிடையாது. வலியைக் குறைப்பது ஒன்றே செய்யக்கூடியது என்று முடிவாயிற்று.

மார்ச் முதல் தேதி பத்திரிகைகளில் செய்தி வெளியாகி நாடே கலங்கியது. மார்ச் 4-ந்தேதி, அமெரிக்கக் காங்கிரஸ் அவருக்கு மீண்டும் ஜெனரல் பதவியைச் சம்பளத்தோடு வழங்கியது.

புத்தகம்தான் குடும்பத்துக்குச் சொத்து

ஜனாதிபதிகளுக்கு அந்தக் காலத்தில் பென்ஷன் கிடையாது. தாம் போய்விட்டால் ஜூலியாவின் கதி என்ன என்பதே கிராண்டின் கவலை. சுயசரிதையைப் புத்தகமாக எழுதுவது என்று தீர்மானித்தார். எழுத்தாளர் மார்க் ட்வைன் தம் பதிப்பகத்தின் சார்பில் நிகர லாபத்தில் 70 சதவீதம் தர முன்வந்தார். பிப்ரவரி 27-ந்தேதி ஒப்பந்தம் ஆயிற்று.

அதற்குப் பிறகு தினமும் எழுத்து வேலைதான். பேச முடிந்தவரை சுருக்கெழுத்தாளருக்குச் சொன்னார். குரல் போன பிறகு பென்சிலால் தாமே எழுதினார். படுத்தால் மூச்சு அடைத்தது. ஆகவே இரண்டு தோல் நாற்காலிகளை எதிரெதிரே போட்டு, ஒன்றில் உட்கார்ந்து இன்னொன்றில் காலை நீட்டி இரவைக் கழித்தார். ஏப்ரல் முதல் வாரத்தில் பிழைக்கமாட்டார் என்று எல்லோரும் முடிவு செய்தார்கள். ஆனால் தொண்டையில் ரத்தம் பீறிட்டு, அழுகிய சதை கழன்று விழவே, அடைப்பு சற்று விலகியது. மறுபடியும் எழுத உட்கார்ந்தார்.

நியூயார்க் வெயில் தாங்காது என்று ஜூன் 16-ந்தேதி வாண்டர்பில்ட்டின் தனி ரயில் பெட்டியில் அவரை வடக்கே அழைத்துப் போனார்கள். சரடோகாவில் மலை ரயிலுக்கு மாற்றி, மெக்கிரிகர் மலையில் இருந்த ஒரு வீட்டில் சேர்த்தார்கள். அங்கே அவரால் பேச முடிவது அரிதாயிற்று. டாக்டரிடமும் மனைவியிடமும் சொல்ல வேண்டியதைப் பெரும்பாலும் துண்டுக் காகிதங்களில் எழுதிக் காட்டினார். பால், சூப் தவிர எதுவும் இறங்கவில்லை. உடல் எலும்பும் தோலுமாயிற்று.

ஜூலை மூன்றாவது வாரத்தில் புத்தகத்தில் கடைசித் திருத்தங்களைச் செய்து பென்சிலைக் கீழே வைத்தார். சில நாளில், ஜூலை 23-ந்தேதி காலை 8 மணி அளவில், குடும்பத்தார் சூழ்ந்திருக்க உயிர் பிரிந்தது. வயது 63.

புத்தகம் இரண்டு பாகங்களாக வெளிவந்து மூன்று லட்சத்துக்கு மேல் விற்றது. ஜூலியாவுக்குக் கிடைத்த தொகை சுமார் நாலரை லட்சம் டாலர். போர் நினைவுகளைச் சொல்லும் நூல்களில் அது மிகச் சிறந்தது என்று அறிஞர்கள் இன்றும் மதிக்கிறார்கள்.

பின்னால் வந்த அளவுகோல்

கிராண்டின் டாக்டர்கள் நோயின் பெயரைக் கண்டுபிடித்தார்கள். அது எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதைக் கையால் தொட்டும் கண்ணால் பார்த்தும் மட்டுமே அறிய முடிந்தது. எல்லா ஊர் டாக்டர்களும் ஒரே விதமாக அளக்க ஒரு முறை இல்லை.

அந்த முறையைப் பிரெஞ்சு டாக்டர் பியர் டெனோவா 1943 முதல் 1952 வரை உழைத்து உருவாக்கினார். சர்வதேசப் புற்றுநோய் சங்கம் 1968-ல் அதைப் புத்தகமாக வெளியிட்டது. டி, என், எம் என்று மூன்று எழுத்துகள்; மூன்று கேள்விகள். டி என்றால், தொடங்கிய கட்டி எவ்வளவு பெரிது? என் என்றால், பக்கத்துச் சுரப்பிகளுக்குப் போயிருக்கிறதா? எம் என்றால், தூர உறுப்புகளுக்குப் பரவியிருக்கிறதா?

மூன்று விடைகளையும் சேர்த்து நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று சொல்வார்கள். புகையிலையால் வரும் வாய், தொண்டைப் புற்றுநோய்களில், கட்டி 2 சென்டிமீட்டருக்குள் இருந்து, சுரப்பிக்கும் போகாமல் இருந்தால் முதல் கட்டம். கட்டி அதைவிடப் பெரிதாகி, 4 சென்டிமீட்டருக்குள் அடங்கி, சுரப்பி சுத்தமாக இருந்தால் இரண்டாம் கட்டம். கழுத்தில் ஒரே ஒரு சிறு சுரப்பிக்குப் போயிருந்தாலும் மூன்றாம் கட்டம். சுரப்பிகள் பல என்றாலோ, பெரியவை என்றாலோ, தூர உறுப்புகளுக்குப் பரவியிருந்தாலோ நான்காம் கட்டம். வாய்ப் புண்ணில் அகலத்தோடு ஆழத்தையும் இப்போது கணக்கில் சேர்க்கிறார்கள். வைரஸ் கிருமியால் வரும் ஒருவகைத் தொண்டைப் புற்றுநோய்க்கு மட்டும் தனிக் கணக்கு.

டக்ளஸ் அக்டோபரில் பார்த்த நெறி நோயால் உண்டானதே என்றால், இந்த அளவுகோலின்படி கிராண்ட் மூன்றாம் கட்டத்திலோ நான்காம் கட்டத்திலோ இருந்திருப்பார்.

நான்காம் கட்டம் என்றதும் எல்லாம் முடிந்தது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அது சரியல்ல. வாய், தொண்டை நோய்களில் கழுத்தோடு நின்றுவிட்ட நான்காம் கட்டத்துக்கும், நுரையீரலுக்குப் போன நான்காம் கட்டத்துக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. முன்னதில் ஆபரேஷன், கதிர்வீச்சு, மருந்து மூன்றையும் சேர்த்துக் குணப்படுத்த முயல்கிறார்கள். பலர் குணமும் அடைகிறார்கள். கட்டம் என்பது ஆயுள் கணக்கு அல்ல. எந்தச் சிகிச்சையை எந்த வரிசையில் தருவது என்று டாக்டர் முடிவு செய்ய உதவும் கணக்கு.

அதேபோல், முதல் கட்டம் என்றால் சும்மா இருக்கலாம் என்பதும் இல்லை. முதல் கட்டத்தில் ஒரு சிகிச்சையோடு முடிய வேண்டியது, காத்திருந்தால் மூன்று சிகிச்சைகளைக் கேட்கும்.

நம் ஊருக்கும் பொருந்தும்

இந்தியாவில் ஆண்களுக்கு அதிகமாக வரும் புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோய் முன்வரிசையில் நிற்கிறது. பீடி, சிகரெட், வெற்றிலையோடு போடும் புகையிலை, குட்கா, வெறும் பாக்கு எல்லாமே அதற்குக் காரணங்கள். மது சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு.

கிராண்ட் வந்து இறங்கிய அதே பம்பாயில், பரேல் பகுதியில், 1941-ல் டாடா நினைவு மருத்துவமனை திறக்கப்பட்டது. நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் மக்கள் ரயிலேறி அங்கே போகிறார்கள். அப்படிப் போகிறவர்களில் மிகப் பலர் நோய் முற்றிய பிறகே போகிறார்கள். கையில் காசு இல்லை, வேலைக்கு லீவு இல்லை, தானாக ஆறிவிடும் என்ற நினைப்பு. கிராண்ட் சொன்ன காரணங்களும் ஏறக்குறைய இவைதான்.

வாயில் வந்த புண் மூன்று வாரத்தில் ஆறாவிட்டால், வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு தெரிந்தால், விழுங்கும்போது ஒரே இடத்தில் வலித்தால், குரல் கம்மி சரியாகாவிட்டால், கழுத்தில் வலியில்லாத நெறி அமுங்காமல் இருந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும். வழக்கமான டாக்டர் வெளியூரில் இருந்தால் வேறு டாக்டரிடம் காட்ட வேண்டும்.

கிராண்ட் ஜூன் மாதமே காட்டியிருந்தால் பிழைத்திருப்பார் என்று சொல்ல முடியாது. அன்றைய வைத்தியம் அவ்வளவுதான். இன்றைய வைத்தியம் அப்படி இல்லை. அன்று அவர் காத்திருந்த நாலரை மாதம், இன்று ஒருவர் காத்திருந்தால், முதல் கட்டத்துக்கும் மூன்றாம் கட்டத்துக்கும் இடையிலுள்ள தூரமாக ஆகிவிடக்கூடும்.